இருபத்தெட்டு அடிக்குக் கீழே

தயாபரன் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சைக்கிள் கரியரில் ஒரு வானொலிப் பெட்டியைத் துவாயால் சுற்றி, பழைய ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். ஜெயபுரம் சந்தியில் சைக்கிள் திருத்துகிறவன் அவன். போர்த் தடையால் வன்னிக்குள் பற்றரி வராமல் வருடக்கணக்காகிவிட்டது. ஆகையால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியைப் பேசவைப்பதும் அவன் வேலையாகிவிட்டது.

"அக்கா, அண்ணை நிக்கிறாரே? மத்தியானச் செய்திக்கு இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு."

குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த இரஞ்சிதம் தலையை மட்டும் நிமிர்த்தினாள். "உள்ளுக்கை படுத்திருக்கிறார். எழுப்பிறன். நீங்கள் மாமரத்துக்குக் கீழை வையுங்கோ தம்பி."

இரஞ்சிதத்தின் கணவர் பரமலிங்கம் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து, காடு வெட்டி, வயல் செய்து, கல்வீடு கட்டியவர். ஊரில் நாலு பேர் கேட்கிற வாய் அவருடையது. வீட்டைச் சுற்றிய வளவும் பெரிது, மாமர நிழலும் பெரிது. அதனால் செய்தி கேட்கச் சனம் அங்கேதான் கூடும். வீட்டின் பின்பக்கம் ஒரு வாழைப்பாத்தி இருந்தது. இரஞ்சிதம் காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் விடுவாள். மத்தியானத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகமாட்டாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு, ஆடி முடிகிற நாட்கள். எங்கோ வடக்கே, பனிக்கடலின் அடியில், ரஷ்யாக்காரரின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று எழும்ப முடியாமல் கிடந்தது. உள்ளே நூற்றுக்கு மேல் ஆட்கள். மூழ்குவதற்கென்றே செய்த கப்பல் மூழ்கினதில் என்ன புதினம் என்று முதல் நாள் நக்கலடித்தவர்கள், அடுத்த நாள் செய்தி முடிந்தும் எழும்பிப் போகவில்லை. உள்ளே எத்தனை நாளுக்குக் காற்று வரும், இருட்டில் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள், மேலே நிற்கிறவர்கள் என்னத்தைப் புடுங்குகிறார்கள் என்று ஆளுக்கொரு கதை. ஜெயபுரத்தில் அரைவாசிப் பேர் பூநகரிக் கடலைத் தவிர வேறு கடலைக் கண்டதில்லை. ஆனால் கப்பலை எப்படித் தூக்குவது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதைக் கேட்டுச் சிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. நாலு தரம் ஐந்து தரம் இடம்பெயர்ந்து, சொந்தத் துயரத்தை வாய்விட்டுச் சொல்லவும் பயந்திருந்த சனத்துக்கு, ஒருவரும் குற்றம் பிடிக்காத ஒரு துயரம் கிடைத்திருந்தது. அதற்காக மனம்விட்டு அழலாம். ஞானேஸ்வரி ரீச்சர் பிள்ளையார் கோவிலில் அந்த மாலுமிகளுக்காக நூற்றியெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்திருந்தார்.

அன்றைக்கு முப்பது பேராவது இருந்தார்கள். வேலியோரமாக, வெயிலில், மண்வெட்டியைப் பிடித்தபடி சிவலட்சுமி நின்றாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறிய குடும்பம். பரமலிங்கத்தின் மிளகாய்த் தோட்டத்தில் புல்லுப் பிடுங்க வருகிறவள். நிழலுக்கு வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை.

தயாபரன் பெடலைச் சுற்றினான். டைனமோ உறுமியது.

"கப்பலின் உள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டதாக மீட்புப் பணியாளர்கள் தெரிவித்துள்ளனர்."

"உயிரோடை இருக்கினம்!" என்று ஞானேஸ்வரி ரீச்சர் கத்திவிட்டார். "தட்டினமெல்லோ! பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்? திறக்கிறதுக்கென்ன?"

"திறக்கிறது லேசே ரீச்சர்?" பரமலிங்கம் கதிரையில் சாய்ந்தபடி சொன்னார். "மேலை இருக்கிற தண்ணியின்ரை பாரம் தெரியுமே? அவசரப்பட்டால் காப்பாத்தப் போனவனும் சேந்து போவான்."

"அதுக்காக? தட்டிற ஆளை விட்டிட்டுப் போறதே?"

பரமலிங்கம் துவாயால் முகத்தைத் துடைத்தார். தயாபரனுக்குக் கை உளைந்திருக்க வேண்டும், பெடலை விட்டான். செய்தி வாசித்த குரல் இழுபட்டு, தடித்து, அடங்கியது. மாமரத்தில் ஒரு காகம்கூட இல்லை.

டொக்.

டொக்.

டொக்.

"செயின் தட்டுதுபோலை" என்று தயாபரன் சில்லைக் குனிந்து பார்த்தான். சில்லு நின்றுபோயிருந்தது.

கூட்டம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த கதைக்குப் போய்விட்டது. இரஞ்சிதம் மட்டும் எழும்பிக் குசினிக்குள் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று மாதமாக மழையில்லாத வளவில் ஈரக் களிமண் மணத்தது. கிணறு வெட்டுகிறபோது அடியிலிருந்து ஓலைக் கடகத்தில் ஏறி வருகிற மண்ணின் மணம். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த மணம்.

மூன்று வருடத்துக்கு முந்தி அந்த வாழைப்பாத்தி இருந்த இடத்தில் பரமலிங்கம் ஒரு கிணறு வெட்டுவித்தார். வெட்டினவன் பழனியாண்டி, சிவலட்சுமியின் புருஷன். மேலே நின்று கயிறு இழுத்தவன் அவனுடைய கூட்டாளி ஆண்டியப்பன். ஆழம் கூடினால் கீழேயிருந்து கத்துவது விளங்காது. அதற்காக அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மண் இடிக்கிற இரும்பு அலவாங்கால் கல்லில் ஒருக்கால் தட்டினால் கடகத்தை இறக்கு. இரண்டு தட்டினால் மண்ணைத் தூக்கு. மூன்று தட்டினால் ஆளைத் தூக்கு. தட்டிவிட்டுப் பழனியாண்டி பேசாமல் காத்திருப்பான். பத்து நாளாகத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்த இரஞ்சிதத்துக்கும் அது பாடமாகிவிட்டது.

பதினோராம் நாள் மத்தியானம், இருபத்தெட்டு அடியில், பக்கமண் சரிந்தது. ஊரே ஓடிவந்தது. அள்ள அள்ள மண் இறங்கியது. வெட்டப் போன ஒருவன் இடுப்புவரை புதைந்து, அவனை இழுத்தெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. அப்போதுதான் கீழேயிருந்து கேட்டது. மூன்று தட்டு.

ஆண்டியப்பன் துள்ளினான். "அண்ணன் இருக்காரு ஐயா! தூக்கச் சொல்றாரு!"

அடுத்த நாளும் கேட்டது. சனத்துக்குப் பயம் பிடித்துவிட்டது. இவ்வளவு மண்ணுக்குக் கீழே ஒரு மனிதன் எப்படி ஒரு நாள் முழுக்க இருப்பான்? பரமலிங்கம் சாத்திரம் பார்க்கிற சிற்றம்பலத்தைக் கூட்டிவந்தார். அவர் கிணற்றடியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு எழும்பி, துண்டை உதறினார்.

"பேய் மூண்டு தரந்தான் கூப்பிடும். நாலாந்தரம் கூப்பிடமாட்டுது. மனுசன் எண்டால் நாலாந்தரமும் தட்டுவான். எண்ணிப் பாருங்கோ."

ஊர் முழுக்க நின்று எண்ணியது. மூன்று. ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. நாலாவது தட்டு வரவேயில்லை.

எப்படி வரும்? அவன் தன் தொழில் வழக்கப்படி ஆளைத் தூக்கச் சொல்லித் தட்டிவிட்டு, தூக்குவார்களென்று காத்திருந்தான்.

மூன்று தட்டென்றால் ஆளைத் தூக்கச் சொல்வது என்று ஆண்டியப்பன் பரமலிங்கத்தின் காலில் விழுந்து சொன்னான். கூலிக்காரன் சொல்லை யார் கேட்டார்கள்? பேய்க்குக் கழிப்புக் கழித்து, எலுமிச்சம்பழம் வெட்டி, அன்று பின்னேரமே கிணற்றை மூடினார்கள். மண் போடப் போடக் கீழே தட்டிக்கொண்டேயிருந்தது. இரஞ்சிதம் குசினியில் அம்மியைப் பிடித்துக்கொண்டு இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நாலு பேருக்கு முன்னால் புருஷனின் சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழக்கமில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு காரணத்தை அவள் மூன்று வருடமாகத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

சிவலட்சுமி அந்த நேரம் ஊரில் இல்லை. தமக்கையின் பிள்ளைப்பேற்றுக்குச் செட்டிகுளம் போனவள், பயணப் பாஸ் எடுத்து, பாதை திறந்து, வந்துசேர எட்டு நாளாகிவிட்டது. மண் விழுந்த அந்தக் கணமே முடிந்துவிட்டது, நோகாமல் போய்விட்டார் என்று எல்லாரும் ஒரேமாதிரிச் சொன்னார்கள். இரஞ்சிதமும் சொன்னாள். ஆண்டியப்பன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் எந்தக் கிணற்றிலும் இறங்கவில்லை.

வருடத்தில் ஒருநாள், மண் சரிந்த அதே நாளில், இரஞ்சிதத்துக்கு அந்தச் சத்தம் கேட்கும். இந்த வருடம் நாள் தப்பிப் பத்து நாளாகிவிட்டதே என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தாள். இப்போது விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டது. ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அரிசியைக் களைந்தாள், களைந்ததை மறந்து மறுபடி களைந்தாள். பொழுது சாய முந்தி முற்றத்தை மூன்று தரம் கூட்டினாள்.

"இஞ்சருங்கோ" என்று பின்னேரம் கணவனிடம் மெல்லக் கேட்டாள். "உங்களுக்குக் கேக்கேல்லையே?"

"என்னது?"

"வாழைப்பாத்திக்குள்ளை."

பரமலிங்கம் அவளைப் பார்க்காமல் சொன்னார். "றேடியோவைக் கேட்டுக் கேட்டு உனக்கு விசர் பிடிச்சிட்டுது. நாளைக்குக் கோயிலுக்குப் போய் ஒரு நூல் கட்டிக்கொண்டு வா."

சொல்லிவிட்டு எழும்பி, வாழைப் பக்கமிருந்த யன்னலைச் சாத்தினார்.

அடுத்த நாள் மத்தியானம் கூட்டம் இன்னும் கூடியது. செய்தி சின்னதாகத்தான் வந்தது. தட்டும் ஓசை நின்றுவிட்டது. காற்று முடிந்திருக்கலாம் என்று அஞ்சப்படுகிறது.

பெண்கள் அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள். ஞானேஸ்வரி ரீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, "கடைசி மட்டும் ஆரும் வருவினம் எண்டு நம்பித்தானே தட்டியிருக்குங்கள். கேட்டுக்கொண்டு நிண்டவங்களுக்கு எப்பிடிச் சோறு இறங்கிச்சுது?" என்றார்.

வேலியடியில் மண்வெட்டி விழுந்த சத்தம் கேட்டது.

சிவலட்சுமி நிழலுக்குள் வந்தாள். இரஞ்சிதத்துக்கு முன்னால் வந்து நின்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நெடுநாளாக மனதில் வைத்திருந்த ஒன்றைக் கேட்கிறவளாக, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மா, எங்க வீட்டுக்காரர் தட்டினாரா?"

அழுதுகொண்டிருந்தவர்களின் அழுகை பாதியில் நின்றது. முப்பது பேரும் மண்ணைப் பார்த்தார்கள். தயாபரன் அந்தக் காலத்தில் இந்த ஊரில் இல்லாதவன். எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"விசர்க்கதை கதையாதை சிவலட்சுமி" என்று பரமலிங்கம் எழும்பினார். "அந்த நேரமே முடிஞ்சுதெண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லிறது? போய் வேலையைப் பார்."

டொக்.

இந்த முறை எல்லாருக்கும் கேட்டது.

டொக்.

டொக்.

மாமரத்தடி மண் காலுக்குக் கீழே லேசாக அதிர்ந்தது. வீட்டுக்குப் பின்னால் வாழையிலை ஒன்று கிழிந்து தொங்கியது. காற்றே இல்லை.

"தட்டினவர்" என்றாள் இரஞ்சிதம். தன்னுடைய குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ரெண்டு நாள் தட்டினவர். மண் போடேக்கையும் தட்டினவர். நான் கேட்டனான். நாங்கள் எல்லாரும் கேட்டனாங்கள்."

"இரஞ்சிதம்!"

"நீங்கள் பேசாமல் இருங்கோ!"

முப்பது வருடத்தில் முதல்தரம் அப்படிச் சொன்னாள். சொன்னதும் நெஞ்சில் ஏறியிருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அடுத்த கணமே சிவலட்சுமியின் முகத்தைப் பார்த்து, அது திரும்ப ஏறிக்கொண்டது. அந்தப் பெண் அழவில்லை. மூன்று வருடத்தையும் ஒவ்வொரு நாளாகத் திரும்ப நடந்து வருகிறவள்போல் நின்றாள்.

படலை திறந்தது. தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆண்டியப்பன் உள்ளே வந்தான். விழுந்துகிடந்த மண்வெட்டியை எடுத்தான். ஒருவரிடமும் கேட்காமல் வாழைப்பாத்திக்குப் போய் முதல் வாழையை வெட்டிச் சாய்த்தான்.

பிறகு ஊர் வந்தது. நாலு நாள் வெட்டினார்கள். பக்கமண் சரியாமல் பனங்குற்றி அடுக்கினார்கள். அன்றைக்குக் கிடைக்காத பனங்குற்றி இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று இரஞ்சிதத்துக்கு நெஞ்சு எரிந்தது. வெட்டின நாலு நாளும் ஒரு தட்டும் கேட்கவில்லை. பரமலிங்கம் அறையை விட்டு வெளியே வரவில்லை. சோற்றை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பாதி சாப்பிட்டிருப்பார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் தயாபரன் ஓடிவந்தான். மூச்சிரைக்கச் சொன்னான். "அங்கையும் திறந்திட்டாங்களாம். உள்ளுக்கை முழுக்கத் தண்ணியாம். ஒருத்தரும் மிஞ்சேல்லை."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் கிணற்றுக்குள் குனிந்துகொண்டிருந்தார்கள்.

ஆண்டியப்பன் மேலே ஏறி வந்தான். இருபத்தெட்டு அடியில், கெட்டிக் களிமண்ணில், ஒரு ஆள் குந்தியிருக்கக்கூடிய பொந்து இருக்கிறதாம். அதன் பக்கத்துக் கல்லில் உரல்குழி அளவுக்கு ஒரு பள்ளம் தேய்ந்திருக்கிறதாம். எலும்பு இல்லை. துணி இல்லை. தலைமயிர்கூட இல்லை.

கையிலிருந்ததைச் சிவலட்சுமியிடம் நீட்டினான். ஐந்தடி அலவாங்கு. தேய்ந்து தேய்ந்து ஒரு சாண்தான் மிச்சமிருந்தது.

"ரெண்டு நாள்ல இப்படித் தேயாது அக்கா" என்றான். பிறகு உட்கார்ந்து பிள்ளைபோல அழுதான்.

சிவலட்சுமி அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கிணற்றின் விளிம்புக்குப் போனாள்.

"கயித்தை இறக்குங்க."

"அக்கா, கீழ ஒண்ணுமில்ல..."

"இறக்குங்க."

கப்பியில் கயிற்றைப் போட்டு, இருக்கைப் பலகையைக் கட்டி இறக்கினார்கள். பலகை அடியில் தொட்டது. கயிறு தொய்ந்தது. வெயில் நேரே கிணற்றுக்குள் விழுந்து அடிவரை தெரிந்தது. பலகை வெறுமையாகக் கிடந்தது.

கயிறு இறுகியது.

கப்பி ஒருதரம் கிறீச்சிட்டது. கயிற்றைப் பிடித்திருந்த ஆறு பேரின் தோளும் ஒன்றாக முன்னுக்கு இழுபட்டன. ஒருவன் "அம்மாளே" என்றான். ஓடவேண்டும் என்றுதான் ஆறு பேருக்கும் இருந்தது. ஆனால் விட்டால் விழுந்துவிடுவான் என்ற பயத்தில் ஒருவரும் விடவில்லை.

"இழுங்க" என்றாள் சிவலட்சுமி.

இழுத்தார்கள். ஒரு முழு ஆளின் பாரம். பலகை ஏறி வருவது எல்லாருக்கும் தெரிந்தது. அதில் யாருமில்லை. நடுப்பலகை மட்டும் ஈரமாகியிருந்தது. விளிம்புக்கு வந்ததும் சிவலட்சுமி குனிந்து கையை நீட்டினாள். அவளுடைய தோள் ஒருதரம் இறங்கி எழும்பியது. கயிறு சட்டென்று இளகியது. ஆறு பேரும் பின்னால் விழுந்தார்கள்.

"வந்துட்டீங்களா" என்றாள் அவள். அலவாங்குத் துண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்து போனாள். போகும்போது இரஞ்சிதத்தைத் தாண்டித்தான் போனாள். நின்று பார்க்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் வானொலி கேட்க ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நேர்த்தித் தேங்காயைப் பற்றி ஞானேஸ்வரி ரீச்சர் கதைக்கவேயில்லை. வளவு அமைதியாக இருந்தது. இரஞ்சிதம் நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். ஆளைத் தூக்கியாகிவிட்டது, மனைவியோடு அனுப்பியாகிவிட்டது, இனி என்ன என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் குசினியில் பருப்பு வடித்துக்கொண்டிருந்தபோது கணவனின் அறைக்கதவு தட்டப்பட்டது. உள்ளேயிருந்துதான். வெளியே வர மனமில்லாமல் தண்ணிக்குத் தட்டுகிறார்போலும் என்று நினைத்தாள்.

"வாறன், வாறன்."

மறுபடி தட்டினார். அவசரமாகத் தட்டினார். பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். இந்தமுறை ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஈரக் கையால் தள்ளிக் கதவை அகலத் திறந்தாள்.

பரமலிங்கம் அறையின் அந்தத் தொங்கலில், கதவுக்கு எட்டாத தூரத்தில், கட்டிலில், சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்திருந்தார்.

"என்னத்துக்கு வெளியிலை நிண்டு உப்பிடித் தட்டிறாய்?" அவர் குரல் கீச்சிட்டது. "தள்ளிக்கொண்டு வாறதுக்கென்ன?"

"நானில்லை. நீங்களெல்லோ உள்ளுக்கை இருந்து..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அறைக்குள் ஈரக் களிமண் மணத்தது.

கதவு அகலத் திறந்தே இருந்தது. இரஞ்சிதத்தின் உள்ளங்கைக்குக் கீழே, கதவின் பாலைமரப் பலகைக்குள்ளிருந்து, மறுபடியும் தட்டத் தொடங்கியது.